குளிர்காலக் கடற்கரை விடுமுறை: தூண்டிலையும் கயாக்கையும் புதிதாகத் தொடுபவர்களுக்கு

கடற்கரை விடுமுறை என்றதும் பலருக்கும் கோடைதான் நினைவுக்கு வருகிறது. குளிர்காலத்தில் மணலில் கூட்டம் குறைவு. தூண்டில் வீச இடம் தேடி அலைய வேண்டாம். நண்பகல் வெயிலும் மண்டையைப் பிளக்காது. ஆனால் கோடையில் கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகு கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிடலாம். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது அதே கவிழ்தல் சில நிமிடங்களில் உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை சற்றுப் பிடிவாதமானது. முதலில் கரையிலிருந்து மீன்பிடித்தல், பிறகு தூண்டில் இல்லாமல் கயாக், கடைசியில்தான் கயாக்கில் தூண்டில். ஒரு வாரம் கையில் இருந்தால் மூன்றுக்கும் நேரம் உண்டு. இரண்டே நாள்தான் என்றால் மூன்றாவதை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.

இடமும் தேதியும்

அறையைப் பதிவு செய்வதற்கு முன்பு காற்றின் வெப்பநிலையைப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது கடல்நீரின் வெப்பநிலை. கடல் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே குளிரும். பூமியின் வடபாதியில் மிகக் குறுகிய பகல் டிசம்பரில் வருகிறது. கடல்நீர் மிகவும் குளிர்வதோ பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். தென்பாதியில் இதே கணக்கு ஆகஸ்ட், செப்டம்பருக்குப் போகும். வெயில் இதமாகத் திரும்பத் தொடங்கும் குளிர்கால இறுதியில்தான் தண்ணீர் கடிக்கும் என்பதைப் பலர் கால் நனைத்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் இடமானால் புதியவருக்கு வசதி. 15 முதல் 20 வரை என்றால் வெட்சூட் (உடலோடு ஒட்டிச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) இல்லாமல் கயாக்கில் ஏற வேண்டாம். 15க்குக் கீழே என்றால், அனுபவமுள்ள பயிற்சியாளர் கூட வராதவரை கயாக்கை மறந்துவிட்டுக் கரையில் நின்று மீன் பிடியுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது கரையின் அமைப்பு. படத்தில் அழகாகத் தெரியும் நீண்ட திறந்த கடற்கரை, அலை நேராக வந்து அடிக்கும் இடம். அதைவிட வளைந்த விரிகுடா, கழிமுகம், காயல், தீவின் மறைவுப் பக்கம் ஆகியவை கயாக்குக்கு எவ்வளவோ மேல். அந்தப் பருவத்தில் காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வீசும் என்று கேட்டறிந்து, அதற்கு மறைவாக இருக்கும் பக்கத்தில் தங்குங்கள். குளிர் மிகுந்த இடங்களில் படகு வாடகைக்கு விடும் கடைகள் பருவம் முடிந்ததும் மூடிவிடுவதுண்டு. உயிர்காப்பாளர்களும் பணியில் இருக்கமாட்டார்கள். இரண்டையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் நிலவையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். நீரோட்டமும் வலுவாக இருக்கும். அரை நிலவை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு குறைவு. கயாக் பழக அரை நிலவு நாட்களே ஏற்றவை.

மீன்பிடி அனுமதியைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். பல நாடுகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவதற்கும் உரிமம் வேண்டும். எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த மாதங்களில் தடை, எந்தப் பகுதி பாதுகாக்கப்பட்டது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பகுதியின் மீன்வளத் துறை சொல்வதே முடிவு. படகுத்துறையில் நிற்பவர் சொல்வது துணைத் தகவல் மட்டுமே.

உடை

கயாக்கை உருவாக்கிய ஆர்க்டிக் மக்களான இனுயிட்டுகளும் அலூட்டுகளும் மரச் சட்டகத்தின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டி அதைச் செய்தார்கள். தோலால் ஆன மேலங்கியைப் படகின் வாயோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, உள்ளே சொட்டுத் தண்ணீர் நுழையாமல் வேட்டைக்குப் போனார்கள். அவர்களுக்குப் படகைப் போலவே உடையும் கருவிதான். இன்று நாம் படகை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பருத்திச் சட்டையுடன் கிளம்பிவிடுகிறோம்.

விதி எளியது: வெளியே அடிக்கும் வெயிலுக்காக அல்லாமல், விழுந்தால் சந்திக்கப் போகும் தண்ணீருக்காக உடுத்துங்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். பருத்தி நனைந்தால் கனக்கும், குளிரும், காயாது. கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, நியோபிரீன் வெட்சூட் அதற்கு மாற்றாக, மேலே காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய அங்கி என்று அடுக்குங்கள். வெட்சூட்டில் 3 மில்லிமீட்டர் தடிமன் மிதமான குளிருக்கு. நீர் இன்னும் குளிர்ந்தால் 5 மில்லிமீட்டர். அதற்கும் கீழே டிரைசூட், அதாவது தண்ணீரே உள்ளே புகாத முழு உடை. அது விலையும் அதிகம், பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும். கையுறையில் விரல் நுனி திறந்தது வாங்குங்கள், இல்லாவிட்டால் முடிச்சுப் போட முடியாது. தலைக்குக் காதை மூடும் தொப்பி. குளிராக இருந்தாலும் சன்ஸ்கிரீன் உண்டு. புற ஊதாக் கதிருக்கும் குளிருக்கும் தொடர்பில்லை. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி மீன் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும், பின்னோக்கிப் பறந்து வரும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி வாதமே வேண்டாம். அது படகில் கிடக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து யாராவது மேலே இழுத்தால் காது வரை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அளவு தவறு, அல்லது பட்டைகள் இறுகவில்லை.

காற்றைப் படிப்பது

முதல் நாள் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். கரையில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். சோம்பேறித்தனமாகத் தெரியும், ஆனால் அந்த விடுமுறையின் பயனுள்ள மணிநேரங்கள் அவைதான்.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுகோல் இன்றும் புதியவருக்குக் கைகொடுக்கும், ஏனென்றால் அதைக் கருவி இல்லாமலே கண்ணால் படிக்கலாம். அதில் மூன்றாம் நிலை மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர்: அங்கங்கே ஓரிரு அலையின் தலையில் வெள்ளை நுரை தெரியும். நான்காம் நிலை 20 முதல் 28: நுரை பரவலாகத் தெரியும். மூன்றாம் நிலையின் தொடக்கமே புதியவருக்கு எல்லை. கடல் முழுவதும் வெள்ளைப் பூக்கள் தெரிந்தால் அன்று கயாக் இல்லை.

வேகத்தைவிடத் திசை முக்கியம். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் ஏமாற்றுக்காரக் காற்று. கரையருகே தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், ஏனென்றால் கரையின் மேடும் மரங்களும் காற்றை மறைக்கின்றன. நூறு இருநூறு மீட்டர் போன பிறகுதான் முதுகில் தள்ளுவது தெரியும். போவது சுகம், திரும்புவதற்குத் தோள் போதாது. புதியவர் துடுப்புப் போடும் வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான். தெளிந்த குளிர்கால இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்வதால், விடியற்காலையில் இப்படிப்பட்ட காற்று வீசுவது வழக்கம். மீனுக்கு நல்ல நேரம் என்று எல்லோரும் சொல்லும் அதே விடியற்காலை.

முன்னறிவிப்பில் அலையின் உயரத்தோடு இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நொடிகளும் தரப்பட்டிருக்கும். ஒரே உயரம் என்றாலும் 12 நொடி இடைவெளி கொண்ட அலை, 5 நொடி இடைவெளி அலையைவிடக் கரையில் வலுவாக உடையும். தூரப் புயலிலிருந்து வரும் அலை அது. வானம் நீலமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

கரையிலிருந்து தூண்டில்

குளிர்காலப் பேரலைகள் கரை மணலை அரித்துக் கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மேடாகக் குவிக்கும். அதனால் பல கடற்கரைகள் இந்தப் பருவத்தில் ஒடுங்கித் தெரியும். குளிக்க வருபவர்களுக்கு அது ஏமாற்றம், தூண்டில்காரருக்கு லாபம். அந்த மணல்மேட்டுக்கும் கரைக்கும் நடுவே உருவாகும் பள்ளங்கள் மீன்கள் இரை தேடி வரும் பாதை.

வற்றும் கடல் அடிமட்டத்துக்கு வரும் நேரத்தில் போய்க் கரையைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறதோ அங்கே மேடு. எங்கே உடையாமல் கருமையாக ஒரு வாய்க்கால் தெரிகிறதோ அங்கே ஆழம். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீர் ஏறிய பிறகு இந்த வரைபடம் மறைந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அலை உடையாத அந்தக் கருமையான வாய்க்கால்தான் மனிதரைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தின் பாதையும். தூண்டில் வீசச் சிறந்த இடம், கால் வைக்க மோசமான இடம். முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். இழுபட்டுவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், மிதந்தபடி மூச்சைச் சீராக்கி, கரைக்கு இணையாக நீந்தி அந்த ஒடுங்கிய ஓட்டத்திலிருந்து வெளியேறுங்கள்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம் 12 நிமிடம் என்பது தோராயக் கணக்கு. ஆகவே இன்றைய ஏற்றம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும். அந்த ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மூன்றாவது, நான்காவது மணிகளில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி நடக்கும். நீர் ஓடும்போதுதான் இரை நகரும், மீனும் நகரும். நீர் நின்றுபோகும் உச்சத்திலும் அடியிலும் தேநீர் குடிக்கப் போகலாம்.

கருவி எளிமையாக இருக்கட்டும். கரைக்கு மூன்று முதல் மூன்றரை மீட்டர் கம்பு, ஸ்பின்னிங் ரீல் (நரம்பைச் சுற்றிவைக்கும் சுருளி), 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் நைலான் நரம்பு. பின்னல் நரம்பு நன்றாக வீசப்படும் என்பது உண்மைதான், ஆனால் குளிரில் மரத்த விரலை அது அறுப்பதே தெரியாது. நரம்பின் நுனியில் ஈயக்குண்டு. மணலில் உருளாமல் நிற்கப் பிரமிடு வடிவம் நல்லது. அதற்கு ஓரடி மேலே சிறு கிளை நரம்பில் தூண்டில் முள். வட்டமாக வளைந்த முள் வாங்குங்கள். அது மீனின் வாயோரத்தில் மாட்டும், தொண்டைக்குள் போவது குறைவு. ஆனால் மீன் இழுத்ததும் கம்பை வெடுக்கென்று தூக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. நிதானமாகச் சுருட்டினால் தானாக மாட்டிக்கொள்ளும்.

ஒரே ஒரு முடிச்சு போதும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியை முதன்மை நரம்பின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, காதருகே உண்டான சிறு வளையத்துக்குள் விட்டு, அதனால் உருவாகும் பெரிய வளையத்துக்குள்ளும் கொண்டுவந்து, எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு பலவீனமாகும். இதை அறையிலேயே செய்து பத்துப் பன்னிரண்டு முட்களைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் கரையில் மரத்த கையால் முடிச்சுப் போடும் வேலை பொறுமையைத் தின்றுவிடும்.

மீன் குளிர் ரத்தப் பிராணி. நீர் குளிர்ந்தால் அதன் செரிமானம் மந்தமாகும், பசி குறையும், துரத்தும் ஆர்வமும் குறையும். ஆகவே இரை சிறியதாக இருக்கட்டும். செயற்கை இரையைப் பயன்படுத்தினால், மெதுவாகச் சுருட்டுகிறோம் என்று நீங்கள் நினைப்பதைவிட இன்னும் மெதுவாகச் சுருட்டுங்கள். விடியற்காலையில் எழுந்தே ஆக வேண்டும் என்ற வேதவாக்கையும் குளிர்காலத்தில் தளர்த்தலாம். ஆழமற்ற கழிமுகத்தில், வெயிலில் சூடேறிய சேற்றுத் தரைமேல் பிற்பகலில் நீர் ஏறும்போது மீன்கள் அந்த வெதுவெதுப்பைத் தேடி வரும். விடிகாலைத் தூக்கத்தை விரும்புபவர்களுக்கு இது நல்ல செய்தி.

பிடித்ததை விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், செவுளில் விரல் விடாதீர்கள். பெயர் தெரியாத எந்த மீனையும் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். கெளுத்தியின் முள், திருக்கையின் வால் இரண்டுமே விஷமுள்ளவை. குத்திவிட்டால் தோல் வெந்துவிடாமல் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், அதாவது 45 டிகிரியைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும்; மருத்துவரையும் பாருங்கள். பேத்தை மீனை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

கயாக்: தூண்டில் இல்லாமல்

புதியவர் மேலே உட்காரும் வகைக் கயாக்கை எடுக்க வேண்டும். உள்ளே காலை நுழைத்து உட்காரும் வகை வேகமானது, கதகதப்பானது. ஆனால் கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும், அதை இறைத்து மீண்டும் ஏறுவது தனிக்கலை. மேலே உட்காரும் வகையில் விழுந்த நீர் துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். மூன்று முதல் மூன்றரை மீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் உள்ளதைக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் படகின் உட்கூட்டிலிருந்து நீரை வடிக்கும் துளையின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

முதல் பாடம் கவிழ்வது. இடுப்பளவு தண்ணீரில், ஒருவர் அருகில் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். படகு தலைகீழாக இருந்தால் அடிப்பக்கத்தின் மேலாகக் கையை நீட்டி எதிர் விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் புரட்டுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று, உடலைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் நீட்டி, காலை உதைத்தபடி வயிறு இருக்கையின் குறுக்கே வரும்வரை இழுத்து ஏறுங்கள். அப்படியே புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே கொண்டுவாருங்கள். நேராக நின்றபடி ஏற முயன்றால் படகு உங்கள் மேலேயே மறுபடி கவிழும். உதவியின்றி ஏற வரும்வரை ஆழத்துக்குப் போக வேண்டாம். வெட்சூட்டும் லைஃப் ஜாக்கெட்டும் அணிந்தே இதைப் பழகுங்கள்.

தண்ணீர் மிகக் குளிராக இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அடுத்த 10 நிமிடம் கைகால்கள் உருப்படியாக வேலை செய்யும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். விறைத்துச் சாவதற்கு முன்பே, முதல் நிமிடத்தில் தண்ணீரை மூச்சில் இழுப்பதாலும் பிறகு கை பிடிப்பு இழப்பதாலும் பலர் மூழ்குகிறார்கள். ஆகவே விழுந்ததும் அசையாமல் மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், அதன்பின் படகைப் பற்றுங்கள், பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுங்கள். படகை விட்டுக் கரைக்கு நீந்தப் பார்க்காதீர்கள். தேடுபவர் கண்ணுக்குத் தலையைவிடப் படகு நன்றாகத் தெரியும்.

அலை வழியே இறங்குவதற்கு முழங்கால் உயரத்துக்கு மேல் அலை உடையாத நாளைத் தேர்ந்தெடுங்கள். அலைகள் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்துக்குப் பிறகு சற்று அமைதி இருக்கும். அதுவரை காத்திருந்து, முன்முனை அலைக்கு நேர்செங்குத்தாக இருக்கும்படி தள்ளி ஏறித் துடுப்பை விடாமல் போடுங்கள். திரும்பும்போது உடைந்து போன அலையின் பின்னாலேயே வாருங்கள். இறங்குவது எப்போதும் கடல் பக்கமாக. கயாக்குக்கும் கரைக்கும் நடுவே நின்றால் அடுத்த அலை படகை உங்கள் முழங்காலில் மோதும். பக்கவாட்டில் திரும்பிவிட்ட கயாக்கை மீட்கப் போராடாமல் கடல் பக்கம் குதித்துவிடுவதே புதியவருக்கு நல்லது.

காற்றுக்கு எதிராகப் போய், காற்றோடு திரும்புங்கள். கரைக்கு இணையாக, நீந்தியே கரை சேரக்கூடிய தூரத்தில் இருங்கள். குளிர்காலப் பகல் குறுகியது. சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கரையில் இருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்ப்பது

கயாக்கில் கம்பு இரண்டு மீட்டருக்கு மேல் தேவையில்லை, ஒன்றே போதும். துடுப்பு, கம்பு, குறடு எல்லாவற்றையும் கயிற்றால் படகோடு இணையுங்கள். ஆனால் கயிறு நீளமாகத் தொங்கினால் கவிழும்போது காலில் சிக்கும். மடங்கும் சுருள் கயிறு நல்லது. நரம்பை அறுக்கக் கத்தி மார்பில், எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். அலையைத் தாண்டும்வரை கம்பைப் படுக்க வைத்துக் கட்டிவிடுங்கள்.

மீன் மாட்டியதும் அதை நோக்கி உடலைச் சாய்ப்பது இயல்பு, கவிழ்வதும் அப்போதுதான். தொப்புள் எப்போதும் படகின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கை மட்டும் வெளியே நீளட்டும். பெரிய மீன் படகை இழுத்தால், ரீலிலிருந்து நரம்பு ஓடும் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகைத் தளர்த்தி இழுக்க விடுங்கள், அதுவே களைத்துவிடும். கடலின் பக்கம் வெகுதூரம் இழுத்தால் நரம்பை அறுத்துவிடுங்கள்.

நங்கூரம் பற்றி என் கருத்து: முதல் பயணங்களில் வேண்டாம். பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் ஓட்டத்தில் படகைச் சாய்த்து மூழ்கடிக்கும். முன்முனையிலோ பின்முனையிலோ மட்டுமே கட்ட வேண்டும், உடனே கழற்றிவிடும் முடிச்சோடு. இதெல்லாம் பழகும்வரை காற்றில் மெல்ல நகர்ந்தபடியே மீன் பிடிக்கலாம், அதுவே அதிக இடத்தைத் துழாவும்.

தனியாகப் போகாதீர்கள். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். லைஃப் ஜாக்கெட்டில் ஒரு விசில். கைப்பேசி நீர்புகா உறையில் இருந்தாலும் நனைந்த விரலுக்குத் திரை வேலை செய்யாமல் போகலாம், படகுகள் பேசிக்கொள்ளப் பயன்படும் கையடக்க வி.எச்.எஃப். வானொலி கிடைத்தால் பயன்படுத்தும் விதிகளைக் கேட்டுக்கொண்டு எடுத்துச் செல்லுங்கள். அதில் அலைவரிசை 16 உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கானது.

கரையேறிய பின்

காற்று மறைவில் நின்று முதலில் ஈரத்தைக் கழற்றுங்கள். கூட வந்தவர் நடுங்குகிறாரா, பேச்சு குழறுகிறதா, பொத்தானைப் போடத் தடுமாறுகிறாரா என்று பாருங்கள். இவை உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைவதன் அறிகுறிகள். குளிர் தீராமலே நடுக்கம் நின்றுபோவது இன்னும் மோசம். உடனே அவசர உதவியை அழையுங்கள். அவரைப் படுக்க வைத்து, உலர்ந்த போர்வையால் தலையோடு சுற்றுங்கள். தெளிவாகப் பேச முடிந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம். மது கூடாது, கைகால்களைத் தேய்ப்பதும் கூடாது. தண்ணீரிலிருந்து வெளியே வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் உடனே நடக்கவிடாதீர்கள்.

எல்லோரும் நலம் என்றால் கருவிகளைக் கவனியுங்கள். ரீலின் டிராக் திருகை இறுக்கிவிட்டு மேலாக நன்னீரைத் தெளித்துக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும். காய்ந்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள். வெட்சூட்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயப் போடுங்கள். வெயில் நியோபிரீனைக் கெடுக்கும். பயன்படுத்திய முட்களைக் கழுவி உலர்த்தாமல் புதியவற்றோடு ஒரே பெட்டியில் போட்டால், மறுநாள் காலை பெட்டி முழுவதும் துரு ஏறத் தொடங்கியிருக்கும்.